குளிர்ந்த இடத்தில் இருபது நிமிடம்

"லேப்டாப்பை எங்க வச்சு வேலை செய்றீங்க?"

"மேஜை மேலதான்."

"என்ன மேஜை?"

"சாதாரண மேஜை. நாலு கால் இருக்கும்."

"அந்த மேஜை மேல வேற என்ன இருக்கும்?"

"வேற ஒண்ணும் இல்லைங்க. மாவு பிசையற மெஷின் மட்டும்."

பதினான்கு மாதங்களுக்கு முன்னால் நடந்த பேச்சு இது. அவளுக்கு ஒரு சொல் பிசகாமல் நினைவிருந்தது. அதில் அதிசயமில்லை. வருகிறவர்கள் சொல்வதை நினைவில் வைத்துக்கொண்டு, பிறகு அதில் எது பொய் என்று கண்டுபிடிப்பதுதான் அவள் பிழைப்பு. ஆனால் அன்று அந்த ரொட்டிக்கடைக்காரரின் இடது முழங்கையில் கட்டைவிரல் அகலத்துக்கு மாவு ஒட்டியிருந்ததும், அதைத் துடைத்துக்கொள்ளச் சொல்லத் தன் நாக்கு எழாமல் போனதும்கூட நினைவிருந்தன. தொழிலுக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

அண்ணன் வீட்டின் முன்னறைதான் அவளுடைய லேப்டாப் பழுதுபார்க்கும் கடை. நடுவில் ஒரு பிளைவுட் தடுப்பு. பலகை பற்றாமல் போனதால் அது கூரைக்கு ஓரடி கீழேயே நின்றுவிட்டது. உள்பக்கம் அவளும், அவளுடைய விளக்கும், பூதக்கண்ணாடியும், கிண்ணம் கிண்ணமாகத் திருகாணிகளும். வெளிப்பக்கம் மேஜை போட்டு அண்ணி. லேப்டாப்பை வாங்கி வைப்பது, பெயர் எழுதுவது, "இதோ முடிஞ்சிடுச்சு" என்று மூன்று நாள் வேலைக்கு ஆறுதல் சொல்வது எல்லாம் அண்ணியின் இலாகா. உள்ளே இருக்கிறவளைத் தெருவில் எல்லாரும் டாக்டரம்மா என்பார்கள். அந்தக் கணக்கில் அண்ணி கம்பவுண்டர்தான். ஆனால் அப்படிக் கூப்பிடும் துணிச்சல் இதுவரை யாருக்கும் வரவில்லை.

"மனுஷன் பொய் சொல்வான், மெஷின் சொல்லாது" என்பது அவளுடைய கொள்கை. "தண்ணியே படலைங்க" என்பார்கள். கவிழ்த்தால் தேநீர் சொட்டும். "குழந்தை கிட்டவே போகாது" என்பார்கள். விசைப்பலகைக்கு அடியிலிருந்து அரை பிஸ்கட் வரும். அவள் யாரையும் கடிந்துகொள்வதில்லை. சரி செய்து கொடுக்கும்போது ஒரு சீட்டில், இனிமேல் எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்று இரண்டு வரி எழுதிக் கொடுப்பாள். டாக்டர் என்றால் மருந்துச்சீட்டு வேண்டாமா?

ரொட்டிக்கடைக்காரரின் லேப்டாப்பை முதன்முதலாகத் திறந்த நாளில், விசிறிக்குள் வட்டமாக, மெல்லிசாக, பொன்னிறத்தில் ஒன்று படிந்திருந்தது. மாவுத்தூள், அடுப்படி ஈரம், தொண்ணூற்றெட்டு டிகிரி சூடு. ரொட்டியாகாமல் வேறென்ன ஆகும்? சாமணத்தால் முழுசாக எடுத்து வெள்ளைக் காகிதத்தில் வைத்து அவரைக் கூப்பிட்டுக் காட்டினாள். மற்றவர்களாக இருந்தால் அசடு வழிந்திருப்பார்கள். அவர் குனிந்து, கண்ணைச் சுருக்கி, அதை எல்லாப் பக்கமும் பார்த்தார்.

"நல்லாத்தான் வெந்திருக்கு. உப்புதான் இல்லை."

அவள் விழுந்த இடம் அதுதான்.

வயது முப்பத்தாறு. வந்த வரன்களில் பாதிப்பேர் "லேப்டாப்பைக் கழட்டற பொண்ணா?" என்று புருவத்தைத் தூக்கிவிட்டுப் போனார்கள். ஒருவர் மட்டும் போகும்போது தன் போனில் சார்ஜ் நிற்பதில்லை என்று சொல்லி அதைக் கொடுத்துவிட்டுப் போனார். பிறகு போனுக்காக வந்தார், பெண்ணுக்காக வரவில்லை. அதோடு அவள் அந்தப் பக்கத்தை இழுத்து மூடியிருந்தாள். இந்த மனிதர் வந்து, உப்பு இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லித் திறந்துவிட்டார்.

அதன் பிறகு இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவர் வந்தார். எப்போதும் ஒரே புகார்தான்: "சூடாகுதுங்க. திடீர்னு அணைஞ்சு போயிடுது." அவள் விசிறியை மாற்றினாள். சூட்டை இழுக்கும் பசையைச் சுரண்டிவிட்டுப் புதுசு வைத்தாள். சீட்டு எழுதினாள். அவர் சீட்டை இரு கையாலும் வாங்கி, படித்து, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போவார். மறுபடியும் வருவார். தன் கை பட்ட வேலை இப்படித் திரும்பித் திரும்பி வருகிறதே என்று அவளுக்கு மானம் போயிற்று. அது வராமல் இருந்த மாதங்களில் வேறென்னவோ போயிற்று.

"அந்தத் தம்பியோட கோளாறு லேப்டாப்ல இல்லடி," என்பாள் அண்ணி, தடுப்புக்கு அந்தப்பக்கமிருந்து.

"பின்ன எங்க?"

"திறந்து பாக்கத் தெரியாத இடத்துல. நீயா கேளு. ஊர்ல உள்ளவங்களை எல்லாம் எங்க வச்சீங்க, எப்படி வச்சீங்க, என்ன ஊத்தினீங்கன்னு குடைஞ்சு எடுக்கறே. அவர்கிட்ட ஒரே ஒரு கேள்வி கேக்க வாய் வரலியா?"

"என்னன்னு கேக்கறது?"

"என்னைக் கட்டிக்கறியான்னு கேளு."

"அண்ணி!"

"சரி, கட்டிக்கறீங்களான்னு கேளு. மரியாதையாவே கேளு."

கேட்க வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் நினைத்துக்கொள்வாள். அவ்வளவு பெரிய கேள்வியாகக்கூட வேண்டாம். சின்னதாக ஒன்று, ஒரு மூச்சில் சொல்லிவிடக் கூடியது. நெஞ்சு வரை வரும். அவர் வந்து நின்றதும், "சார்ஜர் எடுத்துட்டு வந்தீங்களா?" என்று கேட்டுவிடுவாள்.

போன மாதம்தான் அவள் தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டாள்.

"புதுசு வாங்கறதா இருந்தா எது நல்லது டாக்டரம்மா?" என்று அவர் சாதாரணமாகக் கேட்டார். கேள்வி என்று வந்துவிட்டால் அவளுக்குள் இருக்கும் தொழில்காரி மற்ற எல்லாரையும் தள்ளிக்கொண்டு முன்னால் வந்துவிடுவாள்.

"விசிறியே இல்லாத மாடல் ஒண்ணு வந்திருக்கு. உள்ள சுத்தற ஹார்ட் டிஸ்க்கும் கிடையாது, எல்லாம் சிப்புதான். மாவு மூட்டைக்குள்ள புதைச்சு வச்சாலும் ஒண்ணும் ஆகாது. மூணு வருஷம் வாரண்டி. கெட்டாலும் வீட்டுக்கே ஆள் வந்து பாத்துட்டுப் போவாங்க. நீங்க எங்கயும் அலைய வேண்டாம்."

தடுப்புக்கு அந்தப்பக்கம் ஏதோ கீழே விழும் சத்தம் கேட்டது. அவர் போன பிறகு அண்ணி உள்ளே வந்து இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"நீங்க எங்கயும் அலைய வேண்டாமா?"

"கேட்டா பதில் சொல்லணும்ல அண்ணி?"

"பதில் சொல்லு, யார் வேண்டாம்னா? உண்மையைத்தான் சொல்லணும்னு யாருடி சொன்னா?"

இன்று காலை பதினொரு மணி. ரொட்டிக்கடையில் முதல் ஈடு விற்று, அடுத்த ஈட்டுக்கு மாவு ஊறுகிற நேரம் அது. கண்ணாடிக் கதவு திறக்கும் சத்தமும், "வாங்க தம்பி" என்று அண்ணி இழுத்த இழுப்பும் கேட்டதுமே அவளுக்கு யாரென்று தெரிந்துவிட்டது. கையிலிருந்த திருகாணி தவறிக் கீழே உருண்டது.

அவர் லேப்டாப்பைக் கைக்குழந்தையை ஏந்துவதுபோல ஏந்தி வந்தார். அதற்குக் கனமான பஞ்சுவைத்த உறை ஒன்று போட்டிருந்தது. கெட்டித் துணி, நாலா பக்கமும் தையல், திரைக்கும் விசைப்பலகைக்கும் மட்டும் இடம் விட்டிருந்தது.

"இது என்ன?"

"உறைங்க. நானே தைச்சேன். அடுப்புல தட்டு எடுக்கறதுக்குக் கையுறை தைக்கற துணி." அவர் முகத்தில் ஒரு பெருமிதம் வந்து, உடனே போயிற்று. "இப்ப சூடு மட்டும் இல்லீங்க. உள்ள டிக் டிக்னு ஒரு சத்தம். ஒரு ஃபைல் திறந்தா கால் மணி நேரம் ஆகுது. புதுசு நாளைக்கு வந்துடும். அதான், இதுல இருக்கறதை எல்லாம் எடுத்துக் கொடுத்தீங்கன்னா..."

"நாளைக்கா?"

"நாளைக்குத்தான். நீங்க சொன்ன அதே மாடல்."

"நல்லது," என்றாள். தன் குரல்தானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. "நல்ல மாடல்."

தடுப்புக்கு அந்தப்பக்கம் ஒரு நீண்ட பெருமூச்சு புறப்பட்டு, அந்த ஓரடி இடைவெளி வழியாக இந்தப்பக்கம் வந்து சேர்ந்தது.

துக்கத்தை ஒத்திவைக்க வேலையைப்போல எதுவும் இல்லை. லேப்டாப்பை ஓடவிட்டுச் சூட்டைப் பார்த்தாள். ஐந்தே நிமிடத்தில் தொண்ணூற்றொன்பது. பக்கவாட்டில் கைவைத்துப் பார்த்தாள். காற்று வெளியேறும் துளைகள் எல்லாம் பஞ்சுக்குள் இருந்தன.

"ஓடும்போதுமா இந்த உறை?"

"எப்பவுமே. மாவு உள்ள போகக் கூடாதுல்ல."

"மாவு உள்ள போகலை. காத்தும் வெளிய போகலை. கம்பளியைப் போத்திக்கிட்டு வெயில்ல ஓடச் சொன்னா எப்படி இருக்கும்? அப்படித்தான் இருக்கு இதுக்கு."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவள் அணைத்துவிட்டுக் கவிழ்த்து, திருகாணிகளைக் கழற்றி, அடிப்பலகையை நெம்பினாள். உள்ளே ஒரு சிட்டிகை மாவில்லை, கழுவி வைத்த பாத்திரம்போல இருந்தது. ஆனால் தகட்டின் மேலே வெள்ளை வெள்ளையாக நீர் காய்ந்த வட்டங்கள். ஹார்ட் டிஸ்க் செருகும் இடத்தில் லேசாகப் பச்சை பிடித்திருந்தது.

"தண்ணி பட்டுச்சா?"

"இல்லீங்க."

"மழைல எடுத்துட்டுப் போனீங்களா?"

"இல்லவே இல்லை."

"துணியை நனைச்சுத் துடைச்சீங்களா?"

"தொடலை."

அவள் பூதக்கண்ணாடியை இழுத்துக்கொண்டாள். பொய் சொல்கிற முகம் இல்லை அது. எதையோ முழுங்குகிற முகம். லேப்டாப்பை மூக்கருகே கொண்டுபோனாள். வெண்ணெய் வாசனை. ரப்பர் காலின் இடுக்கில் கடுகளவு ஏதோ ஒட்டியிருந்தது. சாமணத்தால் எடுத்து விளக்கில் காட்டினாள்.

"இது மாவு. ஆனா வேகலை. முதல் தடவை வந்தது வெந்து போயிருந்தது. இது பச்சையா, குளிர்ல இறுகிப் போயிருக்கு." நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். "இதை எங்க வச்சீங்க?"

அவர் விளக்கைப் பார்த்தார். கிண்ணங்களைப் பார்த்தார். தடுப்பைப் பார்த்தார். தடுப்புக்கு அந்தப்பக்கம் மூச்சுச் சத்தம்கூட நின்றுபோயிருந்தது.

"ஃப்ரிட்ஜ்ல," என்றார்.

"எதுல?"

"மாவு வைக்கற பெரிய ஃப்ரிட்ஜ்ல. ரெண்டாவது தட்டு. வெண்ணெய்க்குப் பக்கத்துல."

"எத்தனை தடவை?"

"தினமும் ஒரே ஒரு தடவைதான். கரெக்டா இருபது நிமிஷம். அதுக்கு மேல ஒரு நிமிஷம் வைக்க மாட்டேன். மாவுக்கு வைக்கற மணி இருக்கு, அதை வச்சுத்தான் எடுப்பேன்."

வெளியே அண்ணிக்கு இருமல் வந்தது. இருமல் மாதிரித்தான் இருந்தது.

"ஃப்ரிட்ஜ்லயா!" அவள் எழுந்தே நின்றுவிட்டாள். பதினான்கு மாதமாக அவரிடம் அவள் ஒருமுறைகூடக் குரல் உயர்த்தியதில்லை. "கொதிக்கற பொருளைக் கொண்டுபோய் அப்படியே குளிர்ல வச்சா உள்ள வேர்க்காதா? குளிர்ந்ததை எடுத்து மறுபடி அடுப்புப் பக்கத்துல வச்சா இன்னும் வேர்க்காதா? இந்த டிஸ்க் எவ்வளவு மென்மையானது தெரியுமா? உள்ள ஒரு தட்டு சுத்திட்டே இருக்கும், அதுக்கு மேல ஒரு முள்ளு, தொடாம, தலைமுடி நுழையாத இடைவெளில மிதந்துட்டிருக்கும். முன்னாடி மாவு மெஷின் போட்டு உலுக்குச்சு, இப்ப உறைக்குள்ள வேகுது, நடுவுல தினமும் இருபது நிமிஷம் வெண்ணெய்க்குப் பக்கத்துல நடுங்குது. மாவா இது? மாவுக்குச் செய்ற பக்குவத்தை எல்லாம் இதுக்குச் செஞ்சா இது உப்புமா, பொங்குமா? எந்த மகராசன் உங்களுக்கு இந்த யோசனையைச் சொன்னான்?"

அவர் வாயைத் திறந்தார். மூடினார். "யாரும் சொல்லலை. விடுங்க. என் தப்புதான்," என்றார்.

அந்தக் குரலைக் கேட்டதும் அவள் கோபம் கரைந்துபோயிற்று. டிஸ்க்கைக் கழற்றி, ஒரு பஞ்சுத் துண்டின் மேல் ஆடாமல் வைத்து, தன் கணினியோடு இணைத்தாள். டிக். டிக். கர்ர். கொஞ்சம் தயங்கி, மறுபடி டிக். கடைசியில் திரையில் மஞ்சள் மஞ்சளாகக் கோப்புறைகள் தோன்றின.

"இங்க பாருங்க," என்றாள் மெதுவாக. "இது மூச்சு வாங்கிட்டிருக்கு. எவ்வளவு நேரம் தாங்கும்னு சொல்ல முடியாது. எல்லாத்தையும் ஒரேயடியா இழுத்தா நடுவுல நின்னுடும். எது இல்லைன்னா முடியாதோ, அதை முதல்ல சொல்லுங்க."

'அளவுகள்' என்று ஒரு கோப்புறை இருந்தது. அது என்னவென்று அவளுக்குத் தெரியும். அவரே ஒருமுறை சொல்லியிருக்கிறார். எந்த ரொட்டிக்கு எவ்வளவு மாவு, எவ்வளவு தண்ணீர், எத்தனை நிமிடம் என்று பத்து வருஷமாகச் சேர்த்தது. கடையின் உயிரே அதுதான். அவள் மவுஸை அதன் மேல் கொண்டுபோனாள்.

"அது இல்லீங்க," என்றார். "கீழ இருக்கறது. கடைசில."

கடைசியில் இருந்த கோப்புறையின் பெயர் 'டாக்டர்'.

"உடம்பு சரியில்லையா?" என்று கேட்டாள், நிஜமான கவலையோடு.

"அதெல்லாம் ஒண்ணுமில்லை. அதை முதல்ல எடுத்துடுங்க."

எடுத்தாள். சின்னக் கோப்புறைதான். ஆனாலும் டிஸ்க் நாலு தடவை திக்கி, இரண்டு தடவை நின்று, ஒன்பது நிமிடம் எடுத்துக்கொண்டது. இருவரும் பிரசவ அறை வாசலில் நிற்கிறவர்கள்போல எவ்வளவு ஆயிற்று என்று காட்டும் பச்சைக் கோடு நகர்வதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அது முடிந்ததும் 'அளவுகள்' கோப்புறையை இழுத்தாள். கோடு கால்வாசி நகர்ந்தது. டிக் டிக் டிக் என்று வேகமாக அடித்துக்கொண்டது. பிறகு ஒரு நீண்ட கிறீச். அப்புறம் சத்தமே இல்லை.

கேபிளைப் பிடுங்கிச் செருகிப் பார்த்தாள். டிஸ்க்கில் காதை வைத்துக் கேட்டாள். ஒன்றும் இல்லை.

"போயிடுச்சு," என்றாள்.

"பரவாயில்லீங்க."

"எப்படிப் பரவாயில்லை? பத்து வருஷ அளவு! அதை முதல்ல எடுத்திருக்கலாம்ல?"

"அதெல்லாம் கைக்குத் தெரியும். கை மறந்தா மாவு சொல்லும்." அவர் திரையைக் காட்டினார். "இது வந்துடுச்சுல்ல?"

"வந்தது சரியா இருக்கான்னு ஒண்ணைத் திறந்து பாக்கணும். திறக்கட்டுமா?" யாருடைய கோப்பையும் கேட்காமல் திறப்பதில்லை என்பது அவள் கடையின் சட்டம்.

"திறந்துதான் ஆகணுமா?"

"ஆகணும்."

அவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். "திறங்க."

உள்ளே ஐந்து படங்கள். ஐந்துமே லேப்டாப்பின் கேமராவிலேயே எடுத்தவை. முதல் படத்தைத் திறந்தாள். ஒரு சீட்டு. அவளுடைய சீட்டு. அவளுடைய சாய்ந்த கையெழுத்து: 'மாவு பிசையும் இயந்திரத்துக்கும் லேப்டாப்புக்கும் ஒரே மேஜை வேண்டாம். இரண்டும் சண்டை போட்டுக்கொள்ளும்.' அடுத்தது: 'மாவு உள்ளே போகாமல் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்ளவும்.' கண்ணும் கருத்துமாக என்பதற்கு அடியில் அவளே கோடு போட்டிருந்தாள். அந்தப் பஞ்சு உறை மேஜை ஓரத்தில் சாதுவாகக் கிடந்தது.

மூன்றாவதைத் திறந்தாள்.

'அதிகம் சூடானால் உடனே அணைத்து, குளிர்ந்த இடத்தில் இருபது நிமிடம் வைக்கவும்.'

அவள் அதை ஒருமுறை படித்தாள். இன்னொருமுறை படித்தாள். அந்த மகராசன் யாரென்று தெரிந்துவிட்டது. ரொட்டிக்கடையில் அடுப்பு நாள் முழுக்க எரிகிறது. அங்கே குளிர்ந்த இடம் என்று இருப்பது ஒன்றே ஒன்றுதான். எழுதும்போது அது அவளுக்கு ஏன் தோன்றாமல் போயிற்று?

"நான்தானா?" என்றாள்.

"நீங்க ஜன்னல் ஓரத்தைச் சொல்லியிருப்பீங்க. நான்தான்..."

"கேட்டப்ப ஏன் சொல்லலை? நான் அவ்வளவு திட்டினேனே!"

"உங்களைப் பார்த்து நீங்கதான்னு எப்படிங்க சொல்றது?"

இந்த முறை அண்ணிக்கு வந்தது இருமல் இல்லை. சிரிப்பை முந்தானையால் அடைத்து, அது பக்கவாட்டில் பிய்த்துக்கொண்டு வரும் சத்தம். "ஒரு டாக்டர் எழுதின மருந்துலயே ஆளைக் கொன்ன கதை இதுதான்டி!" என்றது தடுப்பு.

அவள் காதில் அது விழவில்லை. "சீட்டைத்தான் கொடுத்திருந்தேனே. படம் எதுக்கு?"

"எண்ணெய்க் கை, மாவுக் கை. காகிதம் எத்தனை நாளைக்கு நிக்கும்?" அவர் தன் விரல்களையே பார்த்துக்கொண்டு சொன்னார். "ரொட்டி அளவை யார்கிட்ட வேணாலும் கேட்டு எழுதிக்கலாம். இது..." அதற்கு மேல் அவருக்கும் வரவில்லை. அந்த வாக்கியமும் டிஸ்க் மாதிரி கால்வாசியில் நின்றுபோயிற்று.

அவள் ஐந்து படங்களையும், தப்பிப் பிழைத்த கொஞ்சம் அளவுகளையும் ஒரு பென் டிரைவில் போட்டாள். செத்த டிஸ்க்கை ஒரு உறையில் வைத்தாள். அடிப்பலகையை மூடித் திருகாணிகளை முடுக்கினாள். பத்தில் ஒன்று குறைந்தது. குனிந்து மேஜைக்கு அடியில் தேடி எடுத்து அதையும் முடுக்கினாள். இனி ஓடப் போகாத லேப்டாப்புக்கு எத்தனை திருகாணி இருந்தால் என்ன? ஆனாலும் முடுக்கினாள். முடித்துவிட்டால் அவர் போய்விடுவார். நாளைக்குப் புதுசு வந்துவிடும். மூன்று வருஷ வாரண்டி.

எல்லாவற்றையும் வாங்கிக்கொண்ட பிறகும் அவர் நகரவில்லை. வலது கையை லேசாக நீட்டியபடி நின்றார்.

"என்ன?"

"சீட்டு கொடுக்கலையே."

சீட்டுப் புத்தகத்தை இழுத்தாள். பேனாவைத் திறந்தாள். தேதி போட்டாள். அதற்குக் கீழே என்ன எழுதுவது? விசிறி இல்லாத இயந்திரத்துக்கு மாவு பயமில்லை. சுழலாத டிஸ்க்குக்கு உலுக்கல் பயமில்லை. சூடாகாது, நிற்காது, டிக் டிக் என்று அடித்துக்கொள்ளாது. அடித்துக்கொண்டிருந்தது வேறு. பேனா முனை காகிதத்தில் ஒரே இடத்தில் நின்று, மை வட்டமாக ஊறிப் பெரிசாகிக்கொண்டிருந்தது.

தான் எழுதியதை எல்லாம் இந்த மனிதர் எழுத்துப் பிசகாமல் செய்திருக்கிறார் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கண்ணும் கருத்துமாக என்றால் உறை தைக்கிறார். இருபது நிமிடம் என்றால் மணி வைக்கிறார். இவரிடம் சொல்லத்தான் இத்தனை நாள் பயப்பட்டேனா?

தடுப்புக்கு அந்தப்பக்கம் நாற்காலிகூடக் கிறீச்சிடவில்லை.

அவள் பேனாவை மூடிவைத்தாள்.

"எழுதலை. எழுதினா நீங்க வேற எதையாவது ஃப்ரிட்ஜ்ல வச்சிடுவீங்க. வாயாலயே சொல்றேன்."

"சொல்லுங்க."

"சனிக்கிழமை வாங்க. இதே நேரத்துக்கு. லேப்டாப் இல்லாம, போன் இல்லாம, சார்ஜர்கூட இல்லாம வாங்க. எதுவும் கெட்டுப்போகலைன்னாலும்... என்னைப் பாக்கறதுக்குன்னே வாங்க."